மார்செய்ல தொடங்கி சேன்-மாலோ வரை: கரையோரத்துல நாங்க பார்த்த ஆட்கள்

உப்பளத்தான்:

பயணத்துல சந்திச்ச ஆட்களைப் பத்தி எழுதச் சொல்லியிருந்தீங்க. இடங்களைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, அதனால நானும் ஆட்களோட நிறுத்திக்கிறேன்.

கணக்கை முதல்ல சொல்லிடுறேன், எப்படியும் கேப்பீங்க. நானும் வீட்டம்மாவும் போன வருஷம் ரெண்டு தவணையாப் போனோம். பிப்ரவரியில பிரான்ஸோட தெக்குக் கரையில மார்செய்ல ஆரம்பிச்சு, மத்தியதரைக் கடலை ஒட்டியே செத், பார்சிலோனா, வலென்சியா, மாலகான்னு ஏப்ரல்ல ஸ்பெயினோட தெக்குக் கோடியில இருக்கிற தரிஃபா. அங்கிருந்து கப்பல்ல தாஞ்சியர் போயி மொராக்கோவில பன்னிரண்டு நாள். அப்புறம் ஊருக்கு வந்துட்டோம். ஆகஸ்ட்ல போர்ச்சுகல்ல லிஸ்பன்ல இறங்கி, அட்லாண்டிக் ஓரமா வடக்க ஏறி, செப்டம்பர் கடைசியில பிரான்ஸோட வடமேற்கு மூலையில இருக்கிற பிரித்தானி, அங்கதான் சேன்-மாலோ. ஐரோப்பிய நாடுகள் பலதுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுல எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல உள்ள இருக்கக் கூடாது. இறங்குற நாளும் கிளம்புற நாளும் சேர்த்தி. மொராக்கோ நாள் அதுல வராது, ஆனா திரும்ப உள்ள வரணும்னா பலமுறை நுழையுற விசா கையில இருக்கணும். ரெண்டு தவணையாப் பிரிச்சதே இதுக்காகத்தான். நான் ஒரு நோட்டுல கட்டம் போட்டு நாளை அடிச்சுக்கிட்டே வந்தேன், வீட்டம்மா அதுக்கு 'ஜெயில் காலண்டர்'னு பேர் வச்சா.

தரிஃபாவில ரெண்டு நாள் மாட்டிக்கிட்டோம். கிழக்க இருந்து அடிக்கிற காத்தை அங்க லெவாந்தேன்னு சொல்றாங்க. அது கிளம்பிட்டா கப்பல் கிடையாது. எதிர்க்கரை 14 கிலோமீட்டர்தான், மொராக்கோ மலை கண்ணுக்கு முன்னாடி நிக்குது, போக முடியல. டிக்கெட் கொடுக்குற இடத்துல ஒரு மொராக்கோ பெரியவர் மூட்டையில சாஞ்சு உக்காந்திருந்தார். அல்மெரியா பக்கம் பிளாஸ்டிக் கூடாரத் தோட்டங்கள்ல தக்காளி பறிச்சே காலத்தைக் கழிச்சவராம். அவிச்ச முட்டையும் ரொட்டியும் எடுத்து எங்களுக்கும் பங்கு வச்சார். கூடச் சீரகமும் உப்பும் கலந்த பொடி, காகிதத்துல மடிச்சது. முட்டைக்கு மிளகுதான்னு இருந்தவன் நான், இப்ப வீட்ல சீரகம்தான்.

அவர்தான் 'சும்மா உக்காந்து என்ன செய்ய'ன்னு சைகை காட்டி எங்களைக் கூட்டிட்டுப் போனார். ஊருக்குத் தெக்க ஒரு சின்னத் தீவு, அதுக்குப் போக ஒரு ஒடுக்கமான பாதை. பாதையோட இடப்பக்கம் மத்தியதரைக் கடல், வலப்பக்கம் அட்லாண்டிக். அன்னைக்கு இடப்பக்கம் பொங்கி வழியுது. வலப்பக்கம் மணல் பறந்து கண்ணைத் திறக்க முடியல.

எனக்கு அங்க நின்னப்பதான் ஒரு விஷயம் உறைச்சது. மத்தியதரைக் கடல்ல மழையும் ஆறும் கொண்டு வர்ற தண்ணியை விட வெயில்ல ஆவியாகிறது அதிகம். அதை ஈடுகட்ட அட்லாண்டிக் தண்ணி இந்த நீரிணை வழியா மேலாக உள்ள வருது. உப்பு ஏறிக் கனத்த தண்ணி அடியால வெளிய போகுது. தண்ணி விடுற வாய்க்கா, காயுற பாத்தி! எங்க அப்பா தூத்துக்குடி உப்பளத்துல முப்பது வருஷம் பார்த்த வேலையேதான இது, அளவு மட்டும்தான் பெரிசு. பெரியவருக்கு இதை விளக்க எவ்வளவோ முயற்சி பண்ணேன். நான் கடலைக் குடிக்கணும்னு சொல்றதா அவர் நினைச்சுட்டார்.

அட்லாண்டிக் பக்கம் வந்ததும் ஓதம்தான் எங்களுக்கு எஜமான். மத்தியதரைக் கடல்ல தண்ணி ஏறுறதும் வத்துறதும் கண்ணுக்கே தெரியாது. எங்க ஊர்லயும் ஒரு மீட்டர் தேறுறதே பெரிசு. சேன்-மாலோவுல 12 மீட்டருக்கு மேல போற நாள் உண்டு. காலையில படகு மிதந்த இடத்துல மத்தியானம் நாய் ஓடுது. விடுதியில சாவி தரும்போதே ஓதப் பட்டியலும் தந்துடுறாங்க.

சாவின்னதும் நஸரே ஞாபகம் வருது. லிஸ்பனுக்கு வடக்க இருக்கிற ஊர். குளிர்காலத்துல பிரம்மாண்ட அலை எழும்பும்னு உலகம் பூரா தெரியும். ஆகஸ்ட்ல அது ஒண்ணும் கிடையாது, கூட்டம்தான். ஊருக்குள்ள நுழைஞ்சா வயசான அம்மாக்கள் 'அறை இருக்கு'ன்னு மூணு நாலு மொழியில எழுதின அட்டையோட தெருவில உக்காந்திருக்காங்க. கருப்பு உடுப்புப் போட்ட ஒரு அம்மா வீட்டம்மாவோட பையைப் பிடுங்காத குறையா கூட்டிட்டுப் போனாங்க. மாடியில கதவைத் திறந்து ஒண்ணொண்ணாத் தொட்டுக் காட்டுறாங்க: "ஷாவ்." சாவி. "ஜனேலா." ஜன்னல். "மேஸா." மேசை. "அர்மாரியு." அலமாரி. "துவால்யா." துவாலை. நாங்க அடுத்தடுத்துத் தமிழ்ல திருப்பிச் சொல்லவும், முதல்ல கேலி பண்றோம்னு முகம் சுருங்கிடுச்சு. அப்புறம் அவங்களே கட்டிலைத் தொட்டாங்க, "காமா?" நாங்க "கட்டில்". உதட்டைப் பிதுக்கிட்டாங்க, அது மட்டும் தோத்துப் போச்சு.

எங்க கரைக்குப் போர்த்துகீசியர் 1530-கள்லயே வந்தாச்சு, இந்த வார்த்தைகளும் அவங்களோட வந்ததுதான். 1554-ல லிஸ்பன்லயே தமிழ் வார்த்தைகளை ரோமன் எழுத்துல போட்டு ஒரு ஜெபப் புத்தகமும் அச்சடிச்சுட்டாங்க. இதெல்லாம் படிச்சவன்தான் நான். ஆனாலும் ஒரு அம்மா துவாலையை மடிச்சுக் கையில கொடுத்து அதே பேரைச் சொல்றப்ப, நாலரை நூற்றாண்டு அந்தத் துணிக்குள்ள இருந்த மாதிரி இருந்துச்சு.

நஸரேவில இன்னொண்ணு, கருவாடு. கடற்கரை மணல்லயே வலைத் தட்டு வரிசை, அதுல மீனைப் பிளந்து, உப்புத் தண்ணியில முக்கி விரிச்சிருக்காங்க. கரபாவ்னு ஒரு மீன், நம்ம பாரைக்குச் சொந்தக்காரன். பெண்கள்தான் காய வச்சு விக்கிறாங்க. பாதி காஞ்சதை வாங்கிட்டு வந்து, ஊர்ல இருந்து கொண்டு போன புளியில குழம்பு வச்சோம். அந்த அம்மா மோந்து பார்த்தாங்க, ஒரு கரண்டி வாயில ஊத்திக்கிட்டாங்க, மூணு தம்ளர் தண்ணி குடிச்சாங்க. மறுநாள் காலையில மிச்சம் இருக்கான்னு கேட்டாங்க.

இவ்வளவும் சொன்னதே கெராந்த்தைச் சொல்லத்தான். பிரான்ஸ்ல லுவார் ஆறு கடல்ல சேருற இடத்துக்குக் கொஞ்சம் வடக்க, களிமண் பூமியில விரிஞ்சு கிடக்குற உப்பளம். ஆயிரம் வருஷத்துக்கும் மேல நடக்குது. மெஷின் கிடையாது, கைதான். செப்டம்பர் முதல் வாரம், சீசன் முடியப் போற நேரம். வரப்புல நடந்து கிட்டத்துல போயிட்டேன். ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும், தூரத்துல இருந்தே கையை ஆட்டிக் கத்துது. வரப்பை மிதிச்சா களிமண் சரிஞ்சு பாத்தியில விழுந்துடும்னு கோபம். நியாயமான கோபம், எங்க ஊர்லயும் யாரும் விட மாட்டாங்க.

நான் அப்படியே நின்னு, போன்ல அப்பா பாத்திக்காட்டுல நிக்கிற பழைய படத்தைக் காட்டினேன். பாத்தி மிதிக்கிறது தெரியும்ல? சீசனுக்கு முன்னாடி களியைக் காலால மிதிச்சு மிதிச்சுத் தரையை இறுக்குவோம். அதை அங்கேயே வரப்போரம் நின்னு மிதிச்சுக் காட்டினேன். அறுபத்து மூணு வயசுல! அந்தப் பொண்ணு சிரிச்சிடுச்சு. அப்புறம் மொழிபெயர்க்கிற ஆப்பை வச்சு ஒன்றரை மணி நேரம் பேச்சு. காத்துல பாதி கேக்காது, பாதி தப்பா வரும், ஆனா தொழில் பேச்சுக்கு வார்த்தை பெரிசா தேவைப்படல. எங்களுக்கு ஐப்பசி மழை வந்தா மூடுவோம்னேன். அவங்களுக்குச் சீசன் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைதானாம், அதுலயும் ரெண்டு நாள் மழை விழுந்தா திரும்பவும் முதல்ல இருந்து. நான் அங்க இருந்த நேரத்துல மட்டும் அந்தப் பொண்ணு மேகத்தைப் பார்த்தது இருபது தடவை இருக்கும்.

அவங்க வாருற பலகைக்கு லாஸ்னு பேரு. நம்ம வாருபலகை மாதிரிதான், ஆனா கம்பு அஞ்சு மீட்டர் நீளம். என் கையில கொடுத்துச்சு. நானும் உப்பளத்தான்ங்கிற தெனாவட்டுல ஒரு இழு இழுத்தேன். அடிக்களி கிளம்பி உப்பு கருப்பா வந்துருச்சு. அப்பா இருந்திருந்தா பிடரியில ஒண்ணு வச்சிருப்பார். அந்தப் பொண்ணு லாஸை வாங்கி, தண்ணியை மட்டும் அசைச்சு அலையாத் தள்ளி, உப்பு தானா உருண்டு வர்ற மாதிரி இழுத்துக் காட்டுச்சு. கம்பு தரையைத் தொடுதா இல்லையான்னே தெரியல.

சாயங்காலம் தண்ணி மேல ஆடை மாதிரி மெல்லிசா ஒரு படிவு. அதைத் தனியா அரிச்சு எடுக்கிறாங்க. ஒரு பாத்தியில பெரிய உப்பு நாளைக்கு ஒரு அம்பது கிலோ வந்தா, இது ரெண்டு மூணு கிலோதானாம். விலை வானத்துல. அதுக்குப் பேர் 'உப்புப் பூ'. எங்க மொழியிலயும் உப்பு பூக்கும்னுதான் சொல்லுவோம்னேன். ஆப் அதை என்னவா மொழிபெயர்த்துச்சோ, அந்தப் பொண்ணு ரெண்டு தடவை திருப்பிக் கேட்டுச்சு. அப்புறம் ஒரு காகிதப் பையில ஒரு பிடி போட்டு என் சட்டைப் பையில திணிச்சது. காசு வாங்கல.

உப்பளத்தான்:

இவர் ஐடியிலேருந்து எழுதறது இவரோட வீட்டம்மா. உப்பு, கருவாடு ரெண்டைத் தவிர இவர் கண்ணுல எதுவும் படாது. நான் திருவையாத்துப் பக்கம், எனக்கு வலென்சியாதான். வியாழக்கிழமை பகல் பன்னெண்டு மணிக்கு அங்கே பெரிய கோயில் வாசல்ல தண்ணிக் கோர்ட் கூடும். எட்டு வாய்க்காலுக்கு எட்டு பேர், எல்லாருமே விவசாயிங்க, கருப்பு அங்கி போட்டுண்டு வட்டமா நாற்காலியில உக்கார்றா. ஒருத்தர் ஒவ்வொரு வாய்க்கால் பேரா கூப்பிட்டு புகார் உண்டான்னு கேப்பார். எழுத்து கிடையாது, வக்கீல் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. நாங்க போன அன்னைக்கு ஒரு புகாரும் இல்லை, அஞ்சே நிமிஷத்துல எழுந்து போயிட்டா. இவர் 'இதுக்கா காலையில குளிச்சுக் கிளம்பினோம்'னார். பக்கத்துல நின்ன ஒரு தாத்தா, வயல்காரர், கையைப் பார்த்தாலே தெரியறது. நான் என் மண்வெட்டிக் கதையைச் சொன்னேன்: முறைத் தண்ணிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மடையில காவல் இருப்பா எங்க அப்பா, வாய்க்கால் தண்ணியைத் திறந்து மூடற லஸ்கர் வந்து ஷட்டரை இறக்கினா சண்டை. கூட இருந்த பேத்தி இங்கிலீஷ்ல கேட்டு அவருக்குச் சொன்னா. அவர் ரெண்டு கையாலயும் மண்வெட்டி பிடிக்கற மாதிரி காட்டி, கழுத்துக்கு நேரா ஒரு வெட்டு வெட்டினார். அங்கேயும் அப்படித்தானாம்!

அப்புறம், அவங்க சோத்துத் தட்டுல அடியில பிடிச்ச காந்தலுக்குத்தான் போட்டி. அதைச் சுரண்டித் தராத கடைக்குத் திரும்பப் போக மாட்டாங்களாம். நான் வீட்ல அடிப்பிடிக்க விட்டா மட்டும் இவருக்குக் கோபம் வரும்.

நாந்த்_யாழ்:

அண்ணை, கெராந்த் நாங்கள் இருக்கிற இடத்துக்குக் கிட்டத்தான். வந்தனீங்கள் எண்டு தெரிஞ்சிருந்தா வீட்டை கூப்பிட்டிருப்பம். ஓதத்தைப் பற்றி எழுதினீங்கள், அதாலதான் இதை எழுதுறன். நுவார்மூத்தியே தீவுக்கு கடலுக்குள்ளாலயே ஒரு றோட்டு இருக்கு, குவா எண்டு சொல்லுறது, நாலு கிலோமீட்டருக்கு மேல. நாளுக்கு ரெண்டு தரம் தண்ணிக்குள்ள போயிடும். வத்தத்துக்கு ஒண்டரை மணித்தியாலம் முன்னுக்கும் பின்னுக்கும்தான் போகலாம் எண்டு ரெண்டு பக்கமும் பலகை நாட்டியிருக்கு. நான் பண்ணைப் பாலத்தால ஊர்காவற்றுறைக்குப் போய் வந்த ஆள், இதென்ன பெரிய விசயம் எண்டு நினைச்சன். பிள்ளையள் நடுவழியில இறங்கி மட்டி பொறுக்கத் தொடங்கிட்டினம். நேரம் போனது விளங்கேல்ல. அங்க மட்டி கிளறிக்கொண்டு நிண்ட ஒரு கிழவன் கிட்ட வந்து, ஒண்டும் கதைக்காமல் என்ர வாளியைத் தூக்கி காருக்குள்ள வச்சான். கதவைத் திறந்து பிள்ளையளை ஏத்தினான். எனக்குக் கோபம் வந்திட்டுது, ஆர் இவன் எண்டு. பிறகுதான் பின்னுக்குத் திரும்பிப் பாக்கிறன், நாங்கள் வந்த பக்கம் றோட்டுக் கரையில தண்ணி மினுங்குது. முன்பக்கமா கெதியா ஓடி ஏறிட்டம். வழியில உயரக் கம்பங்களில ஏணியும் கூடும் வச்சிருக்கிறது ஏன் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது. அவருக்கு நன்றி சொல்ல மறந்து போனன், அது இப்பவும் ஒரு மாதிரித்தான் இருக்கு.

புதுவை_லியோன்:

மார்செய் என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள் சார். எங்கள் வீட்டில் அந்த ஊர் இல்லாமல் கதையே கிடையாது. புதுச்சேரியை இந்தியாவோடு சேர்த்த ஒப்பந்தம் 1962-ல் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக் கொடுத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அடுத்த வருடம் கொழும்பில் கப்பலேறி, சூயஸ் வழியாக வந்து மார்செய்யில் இறங்கினார். மாதம் ஜனவரி. காலில் செருப்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒரு கோர்சிக்கக்காரர் அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து கம்பளிக் காலுறை எடுத்துக் கொடுத்தாராம். செருப்போடு காலுறை எப்படிப் போடுவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை, கட்டை விரலுக்கு ஓட்டை போட்டுக்கொண்டார். அந்தக் காலுறை ரொம்ப நாள் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. துறைமுகத்தின் ஒரு பகுதியில் 2013-ல் பெரிய அருங்காட்சியகம் கட்டித் திறந்தார்கள். அப்பாவை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். கடலைப் பார்க்கவில்லை, மற்றவர்கள் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கேள்வி: அந்த உப்புப் பூவை என்ன செய்தீர்கள்?

உப்பளத்தான்:

நாந்த் தம்பி, அடுத்த தடவை கண்டிப்பா வீட்டுக்கு வர்றோம், குவா றோட்டுக்கு மட்டும் கூப்பிடாதீங்க.

புதுவை சார், அதைப் பத்திரமா வைக்கணும்னு கண்ணாடிப் பாட்டில்ல போட்டு மேல் தட்டுல வச்சேன். சித்திரையில கிளிமூக்கு மாங்காய் வந்துச்சு. பாட்டிலைத் தேடினப்ப வீட்டம்மா அதைக் கழுவிக் கவுத்து வச்சிருந்தா.