ஐரோப்பியப் பயிற்சி, அமெரிக்கப் பயிற்சி: கூடைப்பந்தில் உண்மையான வேறுபாடு என்ன?

தெம்பனிஸ் தந்தை:
வணக்கம். உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகன் பள்ளியில் கூடைப்பந்தை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்திருக்கிறான். வகுப்பிலேயே உயரமானவன் என்பதால், பயிற்றுவிப்பாளர் அவனைக் கூடைக்கு அடியிலேயே நிறுத்திவிடுகிறார். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேற அவனுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. செர்பியாவின் நிக்கோலா யோக்கிச் போன்ற நெடிய வீரர் ஆட்டத்தையே நடத்திச் செல்வதைப் பார்க்கும்போது, ஐரோப்பாவில் பிள்ளைகளை வேறு விதமாக வளர்க்கிறார்களோ என்று தோன்றுகிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பிடோக் ரசிகன்:
ஐயா, முதல் வேறுபாடு பிள்ளை யாருடைய பொறுப்பில் வளர்கிறான் என்பதே. லூக்கா டோன்சிச் 13 வயதில் ஸ்லோவேனியாவிலிருந்து ஸ்பெயினின் ரியால் மாட்ரிட் மன்றத்துக்குச் சென்றார். 2015இல், 16 வயதில், அதன் மூத்தோர் அணியில் களமிறங்கினார். 2018இல் ஐரோப்பாவின் முன்னணி மன்றங்கள் மோதும் யூரோலீக் கிண்ணத்தையும் அத்தொடரின் சிறந்த வீரர் விருதையும் வென்ற பிறகே அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான என்பிஏவுக்குப் போனார். இளையர் அணியிலிருந்து மூத்தோர் அணி வரை ஒரே மன்றம் அவரை வளர்த்தது. அமெரிக்கப் பையனோ குளிர்காலத்தில் பள்ளிக்கும், கோடையில் ஏஏயூ எனப்படும், பள்ளிக்கு வெளியே இயங்கும் இளையர் அமைப்பின் அணிக்கும், பின்னர் பல்கலைக்கழகத்துக்கும் ஆடுகிறான். ஒவ்வோர் இடத்திலும் வேறு பயிற்றுவிப்பாளர், வேறு எதிர்பார்ப்பு. வார இறுதிப் போட்டிகளில் அடுக்கடுக்காக ஆட்டங்கள் இருக்கும். அடிப்படைத் திறன்களைப் பொறுமையாகச் செதுக்க நேரம் குறைவு. இத்தாலியில் சிறுவயதைக் கழித்த என்பிஏ நட்சத்திரம் கோபி பிரையன்ட் 2015இல் ஏஏயூ முறையைக் கடுமையாகச் சாடியதும் இதனால்தான்.

ஈசூன் வாசகர்:
இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 2018இல் ஜேம்ஸ் ஹார்டன் வென்ற பிறகு, 2025 வரை அமெரிக்காவில் பிறந்த எவரும் என்பிஏவின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெறவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டுகளில் வென்றவர்களுள் ஒருவரான ஜோயல் எம்பீட் கேமரூனில் பிறந்து ஃபுளோரிடாவில் பள்ளியும் கேன்சஸில் பல்கலைக்கழகமும் கண்டவர். இன்னொருவரான கனடாவின் ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் இறுதியாட்டத்தில் பிரான்ஸை 98-87 என வீழ்த்தியதும் அமெரிக்காதான். டோன்சிச்சை உலகமே பார்க்கிறது. அதே மன்றங்கள் 17, 18 வயதில் கழித்துவிட்ட பிள்ளைகளை நாம் பார்ப்பதில்லை. அமெரிக்க முறையில் படிப்பும் ஆட்டமும் ஒன்றாகவே நடக்கின்றன. பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இது சிறிய விஷயமா? 2021 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழக வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு சம்பாதிக்கலாம் என்றானபின், ஐரோப்பிய மன்றங்களின் இளையர்களே அங்கே போகத் தொடங்கிவிட்டார்கள். ரியால் மாட்ரிட்டில் வளர்ந்த யெகோர் டியோமின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அங்கிருந்து 2025இல் என்பிஏவுக்குத் தேர்வானார்.

தோ பாயோ அண்ணன்:
இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் கேட்டவருக்கு வேண்டியது அவர் மகனுக்கான வழி. நம் சிங்கப்பூர்ப் பள்ளி அணிகளில் போட்டிப் பருவம் குறுகியது. உயரமான பையனைக் கூடைக்கு அடியில் நிறுத்தினால் இந்த ஆண்டே வெற்றி கிடைக்கும் என்பது பயிற்றுவிப்பாளரின் கணக்கு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 13 வயதில் நெடியவனாக இருப்பவன் 17 வயதில் நடுத்தர உயரத்தில் நின்றுவிடலாம். அப்போது பந்தைக் கையாளத் தெரியாவிட்டால் அவனுக்கு அணியில் இடமே இராது. ஆட்டத்தில் இல்லாவிட்டாலும் பயிற்சியிலாவது பந்தை நடத்திச்செல்லும் பொறுப்பை அவனுக்குத் தரும்படி மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். மாலையில் வீவக அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவிலுள்ள திடலில் தேசிய சேவை முடித்த இளைஞர்கள் ஆடுவார்கள், அவர்களோடு ஆடவிடுங்கள். பெரியவர்களுக்கு நடுவே அவன் உயரம் செல்லாது என்பதால், பந்தைப் பார்த்துக் கொடுக்கவும் தூரத்திலிருந்து எறியவும் தானாகவே கற்றுக்கொள்வான். நுழைவுக் கட்டணமும் இல்லை.