நம்ம தெரு – தண்ணீர் நேரம்

தருமபுரி, வெள்ளிக்கிழமை

காலை 6.12

மாடி வீட்டு அக்கா: தண்ணீர் வந்துவிட்டுப் போய்விட்டதா? எங்கள் தொட்டியில் அரைக் குடம்கூட ஏறவில்லை.

மளிகைக்கடை அண்ணன்: நாலே காலுக்கு வந்திருக்கிறது, ஐந்தரைக்கு நின்றுவிட்டது. கடை திறக்கும்போது குழாயடி ஈரத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

தையல்கடை அக்கா: எங்கள் வீட்டிலும் பிடிக்கவில்லை. குழுவில் யாரும் போடவில்லையே.

தையல்கடை அக்கா: ஐயோ. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. மன்னித்துவிடுங்கள்.

மளிகைக்கடை அண்ணன்: இதில் மன்னிப்பு எதற்கு அக்கா? நானும் எழுந்ததும் போனைத்தான் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்றதும், சரி, இன்றைக்குத் தண்ணீர் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எட்டு வருஷப் பழக்கம்.

மெக்கானிக் தம்பி: கண்ணு போய் இன்றோடு ஒன்பது நாள். போன வாரம் ஒரு முறை தண்ணீர் வந்தது. அன்றைக்கு யாருக்கும் குடம் தூக்கவே தோன்றவில்லை.

காலை 7.05

டீச்சர் அக்கா: இந்தக் குழுவைத் தொடங்கியபோது கண்ணுக்குப் பதினாறு வயது. தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு முறை வரும், எந்த நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீருக்கு முன்னால் குழாயில் காற்று வரும், உஸ்ஸென்று ஒரு சத்தம். அவன் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிற தெருக்குழாயில்தான் அது முதலில் கேட்கும். கேட்டதும் கட்டைவிரலால் போட்டுவிடுவான், 'தண்ணீர் வந்தாச்சு' என்று. தோளை அசைக்க முடியாது, கையைத் தூக்க முடியாது. விரல்கள் மட்டும் கடைசி வரைக்கும் அவன் சொன்னதைக் கேட்டன. மடியில் தலையணை, அதன் மேல் பலகை, பலகையில் மெக்கானிக் தம்பி கம்பி வளைத்துச் செய்து கொடுத்த ஸ்டாண்டு.

டீச்சர் அக்கா: இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இந்தப் பிள்ளை எப்படி விழித்திருக்கிறான் என்று நாம் ஒருவரும் கேட்டதில்லை. தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவன். ஒரே பக்கம் கிடந்தால் இடுப்பு எரியும். அம்மாவைத் திரும்பத் திரும்ப எழுப்பக் கூடாது என்று பொறுத்துக்கொண்டு விழித்தே கிடப்பான். அவனுடைய அந்த விழிப்பில்தான் நாம் எல்லாரும் குடம் நிரப்பிக்கொண்டோம்.

போஸ்ட்மாஸ்டர் ஐயா: டீச்சரம்மா, நானும் ஒன்று சொல்ல வேண்டும். பல நாளாக நெஞ்சில் கிடக்கிறது. மூன்று, நான்கு வயதில் அங்கன்வாடியிலிருந்து வரும்போது அவன் அடிக்கடி விழுவான். எழும்போது தரையில் கையூன்றி, முழங்காலைப் பிடித்து, பிறகு தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழுவான். கெண்டைக்கால் மட்டும் நன்றாகத் திரண்டிருக்கும். பயில்வான் கால் என்று தட்டிக் கொடுத்தவனே நான்தான். அந்த நோயின் அடையாளமே அந்தக் கால்தான் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார் என்று கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அதுவரை தெருவில் எல்லாரும் தண்ணீரைத்தான் சொன்னோம். நம் மாவட்டத்துப் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு. என் பல்லில் இருக்கிற பழுப்புக் கறை அதனால் வந்ததுதான். அப்படியே பிள்ளையின் கால் தளர்வதும் தண்ணீரால்தான் என்று நாமாக முடிவு கட்டிவிட்டோம்.

மளிகைக்கடை அண்ணன்: ஐயா, நான் செய்தது அதைவிடப் பெரிது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வரப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. அவனுக்குப் பன்னிரண்டு வயது. நடப்பது நின்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்த புதிது. கடைக்கு வந்தவனிடம், 'காவிரித் தண்ணீர் வரட்டும் கண்ணு, அதைக் குடித்தால் நீ மறுபடி ஓடுவாய்' என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதுதான். அவன் நம்பிவிட்டான். தண்ணீர் வந்த அன்று அம்மாவிடம் கேட்டு இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தானாம். மறுநாள் கட்டிலை விட்டு இறங்கக் காலை ஊன்றிப் பார்த்திருக்கிறான். அவன் அம்மா இதை என்னிடம் சொன்னது இந்த வருஷம்தான். பன்னிரண்டு வருஷம் மனதிலேயே வைத்திருந்திருக்கிறார்.

கண்ணு அக்கா, ஓசூர்: அண்ணா, அதை நினைத்து வருந்தாதீங்க. அவன் உங்கள் மேல் வைத்திருந்த பிரியம் எனக்குத் தெரியும். பதினான்கு வயதில் எல்லாவற்றையும் தானே படித்துத் தெரிந்துகொண்டான். டுஷேன் தசைச்சிதைவு. தசையைக் காக்கிற டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடம்பில் உருவாகாது, அதற்கான மரபணுவில் பழுது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்குத்தான் வரும். முதலில் கால், அப்புறம் கை, பிறகு மூச்சும் இதயமும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான்.

கண்ணு அக்கா, ஓசூர்: ஒரு உறவுக்காரர் வீட்டுக்கு வந்து, 'எல்லாம் உன் வயிற்றுக் குறை' என்று அம்மாவைச் சொல்லிவிட்டார். கண்ணு அவரைப் போக விடவில்லை. உட்கார வைத்து, போனில் இருந்ததை வரிவரியாக வாசித்துக் காட்டினான். தாய் வழியாக வந்தாலும் அது தாயின் தப்பு இல்லை, மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குத் தாயிடம் இல்லாமல் புதிதாகவே வருகிறது என்று. அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று இரவுதான் அம்மா வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்தேன்.

காலை 9.40

மாடி வீட்டு அக்கா: எனக்கு ஒரு சமாதானம் என்னவென்றால், இனி அவனுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. அவன் அம்மாவுக்கும் இனியாவது ஓய்வு கிடைக்கும். கடவுள் நல்லதுதான் செய்திருக்கிறார்.

கண்ணு அக்கா, ஓசூர்: அக்கா, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீங்க. நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், தெரியும். ஒன்பது நாளாக வீட்டுக்கு வருகிற எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். அவனுக்குப் போக வேண்டும் என்று இல்லவே இல்லை. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு எனக்கு அனுப்பிய கடைசிச் செய்தி இன்னும் இருக்கிறது. தீபாவளிச் சட்டை கருநீலத்தில் வேண்டும், முன்பக்கம் முழுக்கப் பட்டன் இருக்க வேண்டும், தலை வழியாக மாட்டுகிற மாதிரி வாங்கினால் அம்மாவுக்குத்தான் சிரமம் என்று எழுதியிருந்தான். வாங்கிவிட்டேன். இங்கே பீரோவில் இருக்கிறது.

மாடி வீட்டு அக்கா: தப்பாகச் சொல்லிவிட்டேன் பாப்பா. மனதில் வைத்துக்கொள்ளாதே.

கண்ணு அக்கா, ஓசூர்: இல்லைக்கா. உங்கள் வீட்டு மாடியில் காயும் வடாம் வாசனையை அவன் ஜன்னலிலிருந்தே கண்டுபிடித்துவிடுவான். நீங்களும் அனுப்பாமல் இருந்ததில்லை.

தையல்கடை அக்கா: மகளிர் உரிமைத்தொகை விண்ணப்ப முகாமை 2023 ஜூலையில் முதலில் நம் தொப்பூரில்தானே தொடங்கினார்கள். நம் தெருவில் எனக்கும் இன்னும் சிலருக்கும் நிராகரித்து குறுஞ்செய்தி வந்தது. நான் தலையெழுத்து என்று விட்டுவிட்டேன். கண்ணுதான், 'அக்கா, முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், விடாதீங்க' என்று ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டான். ஒவ்வொருவருக்கும் என்ன எழுத வேண்டும், எந்தத் தாளைக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி இ-சேவை மையத்துக்கு அனுப்பினான். மூன்று பேருக்குக் கிடைத்தது, அதில் நானும் ஒருத்தி. பணம் வந்த முதல் மாதம் அவனுக்கு ஏதாவது வாங்கித் தருகிறேன் என்றேன். காற்று ஊதுகிற மெத்தைக்கு உறை ஒன்று தைத்துத் தரச் சொன்னான். துணிக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டான்.

போஸ்ட்மாஸ்டர் ஐயா: என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதியதும் அவன்தான். நான் முப்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்தவன், எனக்கு அந்த இணையதளம் புரியவில்லை.

மெக்கானிக் தம்பி: 2024 ஏப்ரல் 19. எனக்கு மறக்காது. நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம் என்று படிவம் கொண்டு வந்தார்கள். அவன் வேண்டாம் என்றுவிட்டான். வரிசையில் நிற்கிற நம் எல்லாரையும் பார்க்க வேண்டும் என்றான். நான்தான் வண்டியோடு கூட்டிப்போனேன். உள்ளே மை வைக்கிற அம்மா விரலை நீட்டச் சொன்னார். அவனுக்குக் கை எழவில்லை. அந்த அம்மா எதுவும் பேசாமல் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அவன் மடியருகே குனிந்து, விரலைத் துடைத்து வைத்துவிட்டார். வெளியே வந்ததும், 'அண்ணா, விரலைத் தூக்கிப் பிடி, போட்டோ எடு' என்றான். அந்தப் போட்டோவில் அவன் விரலைப் பிடித்திருக்கிற கை என்னுடையது. கிரீஸ் கறையோடு.

மெக்கானிக் தம்பி: ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனபோது பரிசலில் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தான். அருவிச் சாரல் முகத்தில் அடித்ததும் கண்ணை மூடவே இல்லை. அவன் எடை என் தொடையில் இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கிறது.

டீச்சர் அக்கா: நான் ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் அவனுக்குச் சொல்வதை எழுத ஒரு ஆளும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைத்தன. நல்ல மதிப்பெண். அதன் பிறகு ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மாடியில் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாற்பது பிள்ளைகளைக் கீழே ஓர் அறைக்கு மாற்றினால் முடிந்திருக்கும். நான் நேரில் போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். எனக்கும் வேலை போய்விடுமோ என்று பயந்து போகவில்லை. அவன் ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. என் மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தான்.

பகல் 12.20

காலேஜ் பாப்பா: ஒரு விஷயம். இந்தக் குழுவுக்குக் கண்ணு அண்ணன் மட்டும்தான் அட்மின். புதிதாக ஒன்று தொடங்கிவிடலாமா?

மளிகைக்கடை அண்ணன்: வேண்டாம் பாப்பா.

போஸ்ட்மாஸ்டர் ஐயா: வேண்டாம்.

கண்ணு அக்கா, ஓசூர்: நூற்றிருபது நாள் பயன்படுத்தாமல் இருந்தால் வாட்ஸ்அப் கணக்கே அழிந்துவிடுமாம். அவன் நம்பருக்கு நான் ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருப்பேன். போன் அம்மாவிடம் இருக்கட்டும்.

பகல் 2.48

கண்ணு: (குரல் பதிவு, 3 நிமிடம் 10 நொடி)

தையல்கடை அக்கா: அவன் பெயரைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

போஸ்ட்மாஸ்டர் ஐயா: எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. யாராவது எழுதிப் போடுங்களேன்.

காலேஜ் பாப்பா: அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன் தாத்தா.

"எல்லாரும் எழுதினதைப் பெரியவள் போனில் படிச்சுக் காட்டினா. இன்னிக்கு விடிகாலையில எனக்கும் அந்தக் குழாய்ச் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு மணிக்கு அவனைத் திருப்பிப் போட முழிப்பு வருது இல்ல, அதுக்கப்புறம் தூக்கம் இல்ல. போன் தலைமாட்டுலதான் இருந்தது. எடுத்தேன். எனக்குக் கை வரல. உங்களுக்கெல்லாம் தண்ணி போயிடுச்சு, தப்பா நினைக்காதீங்க.

புதன்கிழமை அவன் போனுக்கு ஒருத்தர் கூப்பிட்டாரு. பாலக்கோடு பக்கம். பதினோரு வயசுப் பையனாம், இவனுக்கு வந்த அதே நோவு. மாசம் ரெண்டாயிரம் உதவித்தொகைக்கு எழுத கண்ணுதான் சொல்லிக் கொடுத்துட்டு இருந்திருக்கான். இவன் போனது அவருக்குத் தெரியல. நான் சொன்னதும் அந்த மனுஷன் அழுதுட்டாரு. பையன் போன மாசம்தான் நடக்கறதை நிறுத்தியிருக்கான். நம்ம பேட்டரி வண்டியை அவனுக்குக் கொடுத்துடலாம். பெரியவ வாங்கிக் கொடுத்தது, அவளைக் கேட்டுட்டேன்.

அந்த அம்மாகிட்ட ரெண்டு விஷயம் நேர்ல சொல்லணும். தூக்கும்போது அக்குள்ல கை கொடுத்துத் தூக்கக் கூடாது, தோள்ல பலம் இருக்காது, பிள்ளை நழுவிடும். தொடைக்கு அடியில ஒரு கை, முதுகுக்கு ஒரு கை. அப்புறம் மெல்ல முடியாம தாடை சோர்ந்து போச்சுன்னா களி கொடுக்கலாம். நம்ம பிள்ளைங்க களியை மெல்லாம விழுங்கத்தானே பழகியிருக்காங்க. கீரைக் கடைசல் ஊத்தி, சின்னச் சின்ன உருண்டையா. இவன் கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான் சாப்பிட்டான்."

மளிகைக்கடை அண்ணன்: அம்மா, நீங்கள் எங்களிடம் மன்னிப்பு கேட்காதீங்க.

மெக்கானிக் தம்பி: ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி எடுத்து வருகிறேன். நாளைக்கே பேட்டரியைப் பார்த்து, பிரேக் ஒயரை மாற்றிவிடுகிறேன். அம்மா முன்னால் உட்காரட்டும்.

மாடி வீட்டு அக்கா: நானும் வருகிறேன். வரும்போது அம்மா தனியாக வர வேண்டாம்.

தையல்கடை அக்கா: கண்ணு உட்கார்ந்த இருக்கை பதினோரு வயதுப் பிள்ளைக்கு அகலமாக இருக்குமே. ஒரு பக்கமாகச் சாய்ந்து முதுகு வளைந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் திண்டு தைக்கிறேன். பையனின் இடுப்பு அகலம் எவ்வளவு என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள், பஞ்சு வாங்க வேண்டும்.

மாலை 4.31

கண்ணு: கேட்டேன். பத்து அங்குலம்