நேரடி விதைப்பா, நடவா: வயல் சோதனையையும் விவசாயிகளிடம் எடுத்த கணக்கையும் சேர்த்து ஆராயலாமா?

கேள்வி: முதுநிலை மாணவி, திருத்துறைப்பூண்டி

வணக்கம். சம்பாவில் நேரடி விதைப்புக்கும் நடவுக்கும் உள்ள விளைச்சல் வேறுபாட்டை அறிய இரண்டு வகைத் தரவுகளைத் திரட்டியிருக்கிறேன். ஒன்று, அடுத்தடுத்த இரண்டு வயல்களில் ஒன்றில் விதைத்தும் மற்றொன்றில் நட்டும், வயலுக்கு 12 இடங்களில் சதுரமிட்டு அறுத்து எடுத்த எடைகள். மற்றொன்று, மன்னார்குடி தொடங்கிக் கடைமடை வரை விவசாயிகளிடம் கேட்டு எழுதிய விளைச்சல் கணக்கு. இரண்டிலும் டி சோதனையில் (இரண்டு சராசரிகளின் வேறுபாட்டைச் சோதிக்கும் முறை) நடவுக்கே விளைச்சல் கூடுதல் என்று வருகிறது. பி மதிப்பும் (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு வரக்கூடிய வாய்ப்பு) 0.05-க்குக் கீழே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே முடிவாக எழுதலாமா?

பதில்: வயல் சோதனைப் புள்ளியியலர், கும்பகோணம்

சேர்க்க வேண்டாம். முதலில் வயல் சோதனையைப் பார்ப்போம். உங்களிடம் 24 எடைகள் உள்ளன. ஆனால் விதைப்பு, நடவு என்று பிரித்துக் கொடுக்கப்பட்டவை இரண்டு வயல்கள் மட்டுமே. ஒரே வயலின் 12 சதுரங்கள் அந்த வயலின் விளைச்சலைத் துல்லியமாகக் காட்டுமே தவிர, சாகுபடி முறையைப் பற்றிய 12 தனித்தனிச் சாட்சிகள் ஆகிவிடா. ஒரு வயல் மடைக்கு அருகிலும் மற்றது வடிகால் பக்கத்திலும் இருந்தால், வேறுபாடு நீரால் வந்ததா முறையால் வந்ததா என்று பிரித்துக் காட்டும் சூத்திரம் எதுவும் கிடையாது. 1984-இல் ஹர்ல்பெர்ட் என்ற சூழலியலாளர் 'போலி மறுசெய்கை' என்று கண்டித்தது இதைத்தான்.

அடுத்த சம்பாவில் ஆறு வயல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மடையிலிருந்து வடிகால் வரை நீளவாக்கில் இரண்டாகப் பிரியுங்கள். அப்போதுதான் இரண்டு பாதிக்கும் மேடும் பள்ளமும் சமமாகக் கிடைக்கும். எந்தப் பாதியில் விதைப்பது என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். இடையில் வரப்பு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் நடவுப் பாதியின் நீர் முளைவிடும் விதையை மூழ்கடித்துவிடும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1920-களில் புள்ளியியலர் ஃபிஷர் வகுத்த தொகுதியமைப்பின், அதாவது ஒத்த நிலத் துண்டுகளைத் தொகுதியாக்கி அதற்குள்ளேயே ஒப்பிடும் முறையின், மிக எளிய வடிவம் இது. 24 எடைகளையும் தனித்தனியாக எண்ணியதால் கட்டின்மைக் கூறுகள் (கணக்கில் தனித்தனியாக மாறக்கூடிய தகவல்களின் எண்ணிக்கை) 22 என்றும், 0.05 அளவில் டி தாண்ட வேண்டிய எல்லை 2.07 என்றும் உங்களுக்கு வந்திருக்கும். ஆறு இணைகளில் கட்டின்மைக் கூறுகள் ஐந்துதான், எல்லை 2.57. எல்லை உயர்ந்தாலும், வயலுக்கு வயல் உள்ள வேறுபாடு கழிந்துவிடுவதால் பிழை பெரும்பாலும் சுருங்கும்.

பதில்: பொருளாதார ஆய்வாளர், தஞ்சாவூர்

விவசாயிகளின் கணக்கில் சிக்கல் வேறு. அங்கே காசு சுண்டியவர் யாருமில்லை. ஆற்றுநீர் பிந்தி வரும் கடைமடையில் நாற்றங்காலுக்கு நீரில்லாமல் புழுதியில் விதைக்கிறார்கள். போர்வெல் உள்ளவர் நாற்று விட்டு நடுகிறார். எனவே உங்கள் டி சோதனை விதைப்பையும் நடவையும் ஒப்பிடுவதாகத் தோன்றினாலும், பாதிக்குப் பாதி நீர் வசதியைத்தான் ஒப்பிடுகிறது. தலைமடை, நடுமடை, கடைமடை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒப்பிட்ட பிறகு சராசரி எடுங்கள். காரணிகள் பலவானால் ரிக்ரஷன் (பல காரணிகளின் விளைவை ஒரே சமன்பாட்டில் பிரித்துக் கணிக்கும் முறை) செய்யலாம். அல்லது ரோசன்பாமும் ரூபினும் 1983-இல் முன்வைத்த ப்ரொபென்சிட்டி ஸ்கோரைக் (ஒரு விவசாயி தன் சூழ்நிலையில் நடவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பின் மதிப்பு) கொண்டு, அது ஒத்திருப்பவர்களை இணை சேர்க்கலாம். எந்த முறையானாலும் நீங்கள் குறித்துவைத்த காரணிகளை மட்டுமே அது சரிக்கட்டும். நட்டவர் ஒருவருமே இல்லாத ஊரில் ஒப்பிட ஆளே இல்லை. அந்த ஊர்களை விலக்கிவிட்டு, விலக்கியதையும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. களை எண்ணிக்கையையும் குறித்திருக்கிறேன். அதையும் ரிக்ரஷனில் சேர்க்கட்டுமா?

பதில்: பொருளாதார ஆய்வாளர், தஞ்சாவூர்

சேர்க்காதீர்கள். விதைப்பு வயலில் களை மிகுவது பெரும்பாலும் அந்த முறையின் விளைவு. அதைச் சமப்படுத்திவிட்டால், முறையால் வரும் இழப்பின் ஒரு பகுதியை நீங்களே மறைத்துவிடுகிறீர்கள். விதைப்பதற்கு முன்பே இருந்த மண், நீர், நில அளவு போன்றவற்றை மட்டும் சேருங்கள். ஒரே வாய்க்காலில் பாசனம் பெறுபவர்களின் விளைச்சல் சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதால், திட்டப்பிழையை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு) வாய்க்கால்வாரியாகத் திரட்டிக் கணக்கிடுங்கள்.

இன்னொன்று: மாவுக்கு (மா என்பது ஒரு நில அளவு) இத்தனை மூட்டை என்று சொல்பவர்களிடம் ஒரு மூட்டை எத்தனை கிலோ, நெல் காய்ந்ததா ஈரமா என்றும் கேட்டு எழுதியிருந்தால் மட்டுமே அந்த எண்களைக் கிலோவாக மாற்றுங்கள்.