புதுப்பிப்பு: குதிரைப் போட்டிக்கு முன் பிடரி மயிர் பின்னுவதும் லாடமும்

போட்டிக்கு முதல் நாள் பிடரியை அலசிப் பின்னலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். ஷாம்பு போட்ட ஈரம் காய்ந்ததும் முடி வழுக்கும், பின்னல் நிற்காது. 3 நாள் முன்பே அலசிவிடுங்கள். கண்டிஷனர் வாலுக்கு மட்டும். முடி சுமார் 10 செ.மீ. நீளம் இருக்கட்டும். தண்ணீர் தெளித்து, சீப்பு அகலத்துக்கு ஒரு பின்னலாகப் பிரித்து, பாதியில் முடியின் நிறத்திலேயே கம்பளி நூலைச் சேர்த்துப் பின்னுங்கள். வேரில் தோல் இழுபட்டால் இறுக்கம் அதிகம்: குதிரை தலையைத் தாழ்த்தாது, இரவெல்லாம் கழுத்தைத் தேய்த்து வேலையைக் கெடுக்கும். போட்டியன்று காலையில் பின்னுவதே மேல், தூக்கம் போனாலும்.

லாடம் எப்போது அடிப்பது என்று கேட்டவர்களுக்கு: போட்டிக்கு 7 முதல் 10 நாள் முன்பு. ஆணி குளம்புக்குள் இருக்கும் உணர்வுள்ள உயிர்ப்பகுதிக்கு அருகே இறங்கியிருந்தால், நொண்டல் தெரியவும் ஆறவும் அவகாசம் கிடைக்கும்.