புதுப்பிப்பு: எதிர்க்கருத்துக்காரரோடு பேசுவது, விட்டுப்போன சில விஷயங்கள்

மதத்திலோ அரசியலிலோ நமக்கு நேரெதிராக இருப்பவருக்குப் பதில் சொல்லும் முன், அவர் சொன்னதை நம் வாயால் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். "செய்து பார்த்தோம், சண்டைதான் முற்றியது" என்று சிலர் வந்து சொன்னீர்கள்.

கோளாறு பெரும்பாலும் முதல் வார்த்தையிலேயே இருக்கும். "அப்போ நீங்க சொல்றது என்னன்னா..." என்று ஆரம்பித்தால் குறுக்கு விசாரணை வாடை அடிக்கும். "எனக்குப் புரிஞ்சது இது, சரியா?" என்று கேட்டு நிறுத்துங்கள். அவர் திருத்தினால், திருத்தியபடியே மறுபடி சொல்லுங்கள். "ஆமா, அதேதான்" வரும்வரை உங்கள் தரப்பை எடுக்கவே கூடாது.

"ஏன் அப்படி நம்புறீங்க?" வேண்டாம், அது வக்காலத்து வாங்க வைக்கும். "எப்போலேர்ந்து இப்படி நினைக்கிறீங்க?" என்றால் அனுபவம் வெளியே வரும். அதில்தான் பிடி கிடைக்கும். அமெரிக்காவில் வாக்காளர்களின் வீட்டு வாசலில் திருநர் குறித்து இப்படி அனுபவம் கேட்டுப் பேசிய சுமார் 10 நிமிட உரையாடல், குறைந்தது 3 மாதம் நீடித்த மனமாற்றத்தைத் தந்தது என்று 2016இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

வாட்ஸ்அப் குழுவில் இதெல்லாம் எடுபடாது. வேடிக்கை பார்க்க ஆளிருந்தால் யாரும் இறங்கி வர மாட்டார்கள். தனியாகக் கூப்பிடுங்கள், முடிந்தால் குரலில். மிரட்டலோ வசவோ வந்தால் எந்த உத்தியும் வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.