தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ள எந்த காலிபர் (தோட்டாவின் விட்ட அளவு) கைத்துப்பாக்கி? அவசரம்

செங்காங்வாசி: வணக்கம். நல்ல பவர் உள்ள கைத்துப்பாக்கி வாங்கணும், தினமும் இடுப்பிலேயே இருக்கணும். .44 மேக்னமா, 10 எம்எம்மா? 9 எம்எம் போதாதுன்னு யூடியூபில் சொல்றாங்க. அடுத்த மாசம் கிளம்பறேன், சீக்கிரம் சொல்லுங்க.

தேக்காக்காரன்: எங்கே கிளம்பறீங்க தம்பி? இங்கே சிங்கப்பூர்லயே வைக்கவான்னு பதறிட்டேன். 1973ஆம் வருஷ ஆயுதக் குற்றச் சட்டப்படி சும்மா வச்சிருந்தாலே 5 முதல் 10 வருஷம் சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஆளைக் காயப்படுத்தணும்னு சுட்டா தூக்கு.

செங்காங்வாசி: இங்கே இல்லண்ணே. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன். வேலைக்கு.

பெடோக்48: ஆளுக்கா, கரடிக்கா? கை சின்னதா பெரிசா? முன்னாடி சுட்டிருக்கீங்களா?

செங்காங்வாசி: ஆளுக்குத்தான். என்எஸ்ல, அதான் கட்டாய ராணுவ சேவையில, எஸ்ஏஆர் 21 ரைஃபிள் சுட்டிருக்கேன்.

பத்துஎம்எம்: கண்ணை மூடிட்டு 10 எம்எம் வாங்குங்க. 1986 ஏப்ரல் 11, மயாமி. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயோட ஏஜென்ட் சுட்ட 9 எம்எம் குண்டு கொள்ளைக்காரன் கையைத் துளைச்சு நெஞ்சுக்குள்ள போய், இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால நின்னுடுச்சு. அதுக்கப்புறமும் அவன் விடாம சுட்டான், ரெண்டு ஏஜென்ட் செத்தாங்க. அதனாலதான் எஃப்பிஐ 10 எம்எம் எடுத்தது.

மூத்தஉறுப்பினர்: பாதிக் கதையைச் சொல்லி ஆளைக் குழப்பாதீங்க. இதெல்லாம் இங்கே எத்தனையோ தடவை எழுதியாச்சு, தேடிப் படிக்கற பழக்கம்தான் யாருக்கும் இல்லை. முழு வேக 10 எம்எம்மின் உதைப்பு நிறைய ஏஜென்ட்களுக்குத் தாங்கல. அதனால தோட்டாவில் வெடிமருந்தைக் குறைச்சாங்க. அந்தக் குறைச்ச வேகத்துக்குச் சின்ன தோட்டா உறையே போதும்னு 1990ல .40 காலிபர் வந்தது. கடைசியில எஃப்பிஐயே 9 எம்எம்முக்குத் திரும்பிடுச்சு. சதைக்குப் பதிலா சோதனைக்கு வைக்கற ஜெலட்டினில் குண்டு 12 முதல் 18 அங்குலம் போகணும்கறதுதான் அவங்க அளவுகோல். இன்னிக்கு நல்ல ஹாலோ பாயின்ட் (முனையில் குழி உள்ள, பட்டதும் விரியற குண்டு) 9 எம்எம் அந்தச் சோதனையில தேறிடும்.

பெடோக்48: .45 ஆளுங்களும் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். .45ல 230 கிரெய்ன் (குண்டோட எடை அளவு) குண்டு விநாடிக்கு 850 அடி, 9 எம்எம்ல 124 கிரெய்ன் 1,150 அடி. ரெண்டுக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தம்பி, ரைஃபிள் தோளில் ஊன்றி நிற்கும், இதுல மணிக்கட்டு மட்டும்தான். உள்ளங்கை அளவு ரிவால்வரில் .357 மேக்னம் போட்டுச் சுட்டா கட்டைவிரல் இடுக்குச் சதை காந்தும். இரண்டாவது குண்டு குறியிலயே இருக்காது.

தேக்காக்காரன்: நம்ம போலீஸ் இத்தனை வருஷம் அஞ்சு குண்டு .38 டாரஸ் ரிவால்வரை வச்சே ஊரைக் காத்தாங்களே!

பத்துஎம்எம்: எதிராளிகிட்ட துப்பாக்கியே இல்லாத ஊரு அண்ணே இது. ஹூஸ்டனோட ஒப்பிடாதீங்க.

மூத்தஉறுப்பினர்: நம்ம போலீஸும் இப்போ கிளாக் 19 கைத்துப்பாக்கிக்கு வந்தாச்சு. அதுவும் 9 எம்எம்தான், 10 எம்எம் இல்லை.

தேக்காக்காரன்: ரிவால்வர் சிக்காது. மேகசின் வச்ச துப்பாக்கிதான் சிக்கும்.

மூத்தஉறுப்பினர்: ரிவால்வரும் சிக்கும். குண்டு உறையிலிருந்து முன்னால நகர்ந்தா தோட்டா வைக்கற உருளை சுத்தாது. தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க.

கத்தோங்அக்கா: காலிபர் சண்டையை நிறுத்துங்க. தம்பி, எந்த விசாவில் போறீங்க? இதை முதல்லயே கேட்டிருக்கணும்.

செங்காங்வாசி: ஹெச்-1பி1 அக்கா, சிங்கப்பூர்க்காரங்களுக்குக் கிடைக்கற வேலை விசா. டெக்சாஸ்ல 2021லிருந்து கைத்துப்பாக்கி எடுத்துட்டுப் போக பெர்மிட்டே வேண்டாமாமே?

கத்தோங்அக்கா: அது மாநிலச் சட்டம். மத்தியச் சட்டப்படி குடியேற்றம் இல்லாத விசாக்காரங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாது. ஹெச்-1பி1ம் அதுல அடக்கம். ஏதாவது ஒரு மாநிலத்தில் எடுத்த, செல்லுபடியாகிற வேட்டை லைசன்ஸ் இருந்தா விலக்கு உண்டு. ரேஞ்சில் (சுடும் பயிற்சிக்கூடத்தில்) வாடகைக்கு எடுத்துச் சுடறதுக்கும் இதே விதிதான். மீறினா ஜெயில், நாடுகடத்தல். கிரீன் கார்டு (நிரந்தரவாசம்) வந்தா கதை வேற. வேட்டை லைசன்ஸை நம்பி இறங்கறதுக்கு முன்னாடி வக்கீலைப் பாருங்க. லீவில் வரும்போது வெறும் தோட்டா உறையைக்கூட ஞாபகார்த்தமா சாங்கி விமான நிலையத்துக்குக் கொண்டுவராதீங்க.

பத்துஎம்எம்: கிரீன் கார்டு வந்தாலும் 10 எம்எம்தான் சொல்வேன்.

பெடோக்48: இடுப்புல தினமும் முக்கால் கிலோவுக்கு மேல சுமந்து பார்த்துட்டுச் சொல்லுங்க.

செங்காங்வாசி: வக்கீல்கிட்ட பேசிட்டேன். அக்கா சொன்னதேதான். இப்போ வாங்கல. நன்றி.