கேத்தி பேர்க் நடிப்புக்கு வந்த வழி: எங்கட பிள்ளையளுக்கு எதை எடுக்கலாம்?

பரந்தன்_அரங்கு கேட்டது:
கிளிநொச்சியில பின்னேர நாடக வகுப்பு ஒண்டு நடக்குது. 15 தொடக்கம் 19 வயசுப் பிள்ளையள், கூடுதலா வயல்வேலை, கூலிவேலைக் குடும்பங்கள். லண்டன் நடிகை கேத்தி பேர்க்கை வைச்சு ஒரு பாடம் செய்ய யோசனை. முழுநேர நடிப்புக் கல்லூரிக்குப் போகாத ஒரு உழைக்கிற குடும்பத்துப் பிள்ளை எப்பிடிப் பிரான்சின்ர கான் திரைப்பட விழாவில சிறந்த நடிகை விருது வரைக்கும் போனா, பிறகு எப்பிடித் தொலைக்காட்சியில நிகழ்ச்சி நடத்த வந்தா? வகுப்பில செய்து பார்க்கக்கூடியதாவும் சொல்லுங்கோ.

நெடுங்கேணியான்:
1964-ல பிறந்து வடலண்டன் இஸ்லிங்டனில வளர்ந்தவா. அயர்லாந்துக் குடும்பம். ரெண்டு வயசிலேயே தாய் தவறிட்டா. 16 வயசில அனா ஷேரின்ர நாடக வகுப்பில சேர்ந்தா. பாடத்தை அங்கயிருந்து தொடங்குங்கோ. அனா ஷேர் 1968-ல இஸ்லிங்டன் பள்ளிக்கூடம் ஒண்டில மத்தியான இடைவேளைக் கழகமாத் தொடங்கின வகுப்பு அது. காசு கொஞ்சம்தான். வீட்டில கதைக்கிற பேச்சிலேயே நடிக்கலாம். எழுதின வசனத்தை ஒப்பிக்கிறதை விட, நிண்ட நிலையில உருவாக்கி நடிக்கிறதுக்குத்தான் அங்க முதலிடம்.

1982-ல சீர்திருத்தச் சிறைப் பெண்பிள்ளையளைப் பற்றி, அவா நடிச்ச 'ஸ்க்ரபர்ஸ்' படம் வந்தது. கான் விருது 1997-ல. இடையில 15 வருசம் எண்டதைப் பிள்ளையளுக்கு மறைக்காதேங்கோ. அந்தக் காலத்தில சும்மா இருக்கேல்லை: 1990-ல 'மிஸ்டர் தோமஸ்' எண்ட நாடகத்தைத் தானே எழுதி நெறியாள்கை செய்தா. 1993-ல பிபிசி தொடர் ஒண்டுக்கு றோயல் தொலைக்காட்சிச் சங்க விருது. ஹரி என்ஃபீல்ட் எண்ட நகைச்சுவை நடிகரின்ர தொலைக்காட்சி நிகழ்ச்சியில பெரி எண்ட விடலைப் பெடியனாவே நடிச்சா.

விருது வாங்கித் தந்த 'நில் பை மவுத்' கேரி ஓல்ட்மன் நெறியாண்ட படம். புருசனிட்ட அடிவாங்குற வலரியா வாறா. முகம் வீங்கிக் கிடக்க, கார் அடிச்சிட்டுதெண்டு தாயிட்டச் சொல்லுற இடத்தைக் கவனியுங்கோ. குரலை உயர்த்தாமல், சாதாரண வீட்டுக்கதை மாதிரித்தான் சொல்லுறா. பொய்யை நம்பவைக்கிற அந்தப் பாடுதான் எங்களை உலுப்புது. படம் வளர்ந்தவைக்குரியது. அடி, தூசணம் நிறைய இருக்கு. சின்ன வகுப்புக்குப் போடாதேங்கோ, காட்சியை வாயால சொன்னாப் போதும்.

1998-ல 'எலிசபெத்' படத்தில மேரி அரசி. 1999 தொடக்கம் 2001 வரை 'கிம்மி கிம்மி கிம்மி' தொடர். அதுக்குப் பிறகு கூடுதலா மேடை நெறியாள்கைப் பக்கம் போனா.

முள்ளியவளை_மோடி:
வகுப்புக்கு ஒரு பயிற்சி. ரெண்டு பேரை விடுங்கோ. நாலு விசயம் மட்டும் குடுங்கோ: என்ன உறவு, எந்த இடம், ஒராளுக்கு என்ன வேணும், மற்றாள் ஏன் குடுக்கமாட்டார். தமக்கையும் தம்பியும், கிணத்தடி, நுண்கடன் கட்ட வைச்ச காசைத் தம்பி கேக்கிறான் எண்டு வையுங்கோ. முதல் வரியை நீங்கள் சொல்லிவிடுங்கோ. 3 நிமிசம் ஓடட்டும். பிறகு ஆளை மாத்தி அதே காட்சி.

பிழைக்கிற இடம் எனக்குத் தெரிஞ்ச அளவில எல்லா வகுப்பிலயும் ஒண்டுதான்: ஒரு நிமிசத்துக்குள்ள காட்சி புத்திமதியாப் போயிடும். விழிப்புணர்வு நாடகம் பார்த்து வளர்ந்த பிள்ளையள், சபையைத் திரும்பிப் பார்த்து 'கடன் வாங்காதேங்கோ' எண்டுவினம். சபையைப் பார்க்கக் கூடாதெண்டு சட்டம் போடுங்கோ. அழுகிற இடத்தில தமிழ்நாட்டுப் படத்தமிழ் வந்தால் நிப்பாட்டி, 'இதை உங்கட அம்மா எப்பிடிச் சொல்லுவா?' எண்டு கேட்டுத் திரும்பச் செய்வியுங்கோ. ரெண்டு பேரும் கத்தத் தொடங்கினால் கைக்கு வேலை குடுங்கோ, வாளியில தண்ணி நிரப்புறது, உடுப்பு மடிக்கிறது. கை வேலையில இருந்தால் குரல் தானாக் கீழ இறங்கும்.

பரந்தன்_அரங்கு:
நன்றி அக்கா. கோவலன் கூத்து ஆடின ரெண்டு பிள்ளையள் இருக்கினம். கமராவுக்கு முன்னால குரல் வெடிக்குது. என்ன செய்யலாம்?

முள்ளியவளை_மோடி:
அந்தக் குரலைக் கெடுத்துப் போடாதேங்கோ தம்பி, திறந்தவெளிக்கு அது வேணும். ஒரே வரியை மூண்டு தரம் சொல்லுவியுங்கோ: கூத்து ஆடுற வட்டக்களரிக்கு, வகுப்பறைக்கு, கையெட்டுற தூரத்தில இருக்கிற ஆளுக்கு. மூண்டையும் போனில பதிஞ்சு உடனே போட்டுக் காட்டினால் அளவு அவையளுக்கே பிடிபடும்.

மாங்குளம்_ஒளிப்பதிவு:
கேத்தி பேர்க் நிகழ்ச்சி நடத்தினது பற்றி. பிரித்தானியத் தொலைக்காட்சி சனல் 4-ல 2019-ல பெண்களின்ர வாழ்க்கை பற்றி மூண்டு பாகம், 2021-ல காசு பற்றி ரெண்டு, 2023-ல முதுமை பற்றி ரெண்டு. செய்தி வாசிக்கிற குரல் இல்லை. இஸ்லிங்டன் பேச்சிலயே, தனக்குச் சரிவராததை முகத்துக்கு நேர கேட்டாலும், ஆளைக் கதைக்க விடுறா. நடிகை எண்டதாலதான் அந்தக் காது வந்ததெண்டு நான் நினைக்கிறன்.

பிள்ளையள் அயலில ஒராளைப் பேட்டி எடுக்கட்டும். போனைப் படுக்கையாக் கண்மட்டத்துக்கு நிறுத்துங்கோ. சட்டையில குத்துற மைக் நாடிக்கு ஒரு சாண் கீழ இருக்கோணும். காத்து அடிக்கிற இடமெண்டால் அதுக்குப் பஞ்சுறை போடாமல் தொடங்கவேண்டாம், பிறகு இரைச்சலை எடுக்க ஏலாது. 'ஓம், இல்லை' எண்டு முடியிற கேள்வியைத் தவிருங்கோ. மறுமொழி முடிஞ்சாப்பிறகு மூண்டு செக்கன் பேசாமல் இருக்கோணும், நல்ல வசனம் கனதரம் அப்பத்தான் வரும். கேக்கேக்கை 'ம்ம்' கொட்டினால் அது அவரின்ர குரலுக்கு மேல ஏறி, வெட்டி ஒட்ட ஏலாமப் போகும். தலையை மட்டும் ஆட்டச் சொல்லுங்கோ. எழும்ப முதல் எல்லாரும் அமைதியா இருக்க, அந்த இடத்துச் சத்தத்தை 30 செக்கன் தனியாப் பதியுங்கோ, வெட்டின இடத்தை மூட அது உதவும்.